கீறிய கோடு எம் கையில் நிற்க வேண்டும்

கணனியில் கோட்டுப்படம் வரைவதற்கு இலவச மென்பொருளைத் தெரிவு செய்வோர் கவனத்திற்கு

பாரிசின் புறநகர் ஒன்றில் வார இறுதியில் நடைபெறும் தமிழ்ப் பாடசாலைக்காகப் பல ஆண்டுகளாகப் படம் கீறி வருகின்றோம். தாயகத்தில் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிப் பழகிய கை இது. பனை, கிணற்றுத் துலா, ஆட்டுக்கல், அம்மி, கட்டுமரம், நல்லூர்த் தேர் என, இங்கு பிறந்த பிள்ளைகள் கண்ணாற் காணாத பொருள்களைக் கோட்டுப்படமாக்கி, அவற்றின் கீழே பெயரைப் புள்ளிக் கோட்டில் எழுதி, நிறந்தீட்டும் பயிற்சிப் புத்தகமாக அமைத்துக் கொடுப்பது எமது பணி. முன்னர் கடதாசியில் கீறினோம். பின்னர் நண்பர் ஒருவரின் மகன் கணனியில் கீறும் முறையைக் கற்றுத் தந்தான். மாதக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றை அவனே எமது கணனியில் ஏற்றியும் தந்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அதில் கீறினோம். வேலை முடிந்தது, இனி எதற்கு வீண்செலவு என்று எண்ணிக் கட்டணத்தை நிறுத்தினோம்.

கடந்த ஆண்டு புத்தகம் பிள்ளைகளின் கைக்குப் போனபின், ஓர் அம்மம்மா பேத்தியின் கையைப் பிடித்தபடி எம்மிடம் வந்தார். "மாஸ்ரர், இது ஆட்டுக்கல் எல்லோ? இதுக்குக் கீழை அம்மி எண்டு போட்டிருக்கிறியள். பிள்ளையள் பிழையாய்ப் படிக்கப் போகுதுகள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டு பெயர்கள் இடம்மாறி விட்டன. ஒரு நிமிட வேலைதானே, திருத்தி மறுபதிப்புக்குக் கொடுப்போம் என்று வீடு வந்து கோப்பைத் திறந்தோம். திறக்கவில்லை. கட்டணத்தைப் புதுப்பிக்கும்படி அறிவித்தல் வந்தது. நாம் கீறிய படம். எமது கணனியிலேயே கிடக்கின்றது. ஆயினும் அதில் ஒரு சொல்லை மாற்ற எமக்கு உரிமையில்லை.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நிபந்தனைகளை வாசியாமலே சம்மதம் தெரிவித்தது எமது பிழை. ஆனால் அதே பிழையை எம்மவர் பலரும் செய்துகொண்டிருக்கின்றனர் என்பதை அறிவோம். ஆலய விழா அறிவித்தல், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், ஊர்ச் சங்கத்தின் இலச்சினை, சொந்தக் கிராமத்தின் வரைபடம், பிள்ளைகளின் சித்திரங்கள் யாவும் இன்று கணனியில்தான் கீறப்படுகின்றன. எனவே, எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்னும் கேள்வியைக் காசுக் கணக்காக மட்டும் பாராமல், கீறியது யாருடைய கையில் நிற்கப் போகின்றது என்ற கணக்காகவும் பார்க்க வேண்டியுள்ளது.

புள்ளியும் கோடும்

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன் அடிப்படை ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். கணனி ஒரு படத்தை இரண்டு வழிகளில் நினைவில் வைத்துக்கொள்கின்றது. முதலாவது புள்ளிப்படம். தொலைபேசியால் எடுக்கும் நிழற்படங்கள் இவ்வகையின. இலட்சக்கணக்கான சிறு சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இதனைப் பெருப்பித்தால் கோட்டின் ஓரம் படிக்கட்டுப் போல் உடைந்து தெரியும். இரண்டாவது, வெக்ரர் எனப்படும் கோட்டுமுறை. கோடு எங்கே தொடங்குகின்றது, எப்படி வளைகின்றது, எங்கே முடிகின்றது, எவ்வளவு தடிப்பு என்னும் குறிப்பை மட்டுமே கணனி இங்கு எழுதி வைக்கின்றது. அழைப்பிதழின் மூலையில் விரலளவாக வைத்தாலும், மண்டபத்தின் பதாகையில் ஆளுயரமாக வைத்தாலும் கோடு ஒரேயளவு தெளிவாக இருக்கும்.

கோலத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முற்றத்தில் போட்ட கோலத்தை நிழற்படம் எடுத்து வைப்பது ஒன்று. "ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி" என்று தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பது மற்றொன்று. நிழற்படம் மங்கிப் போகும். சொல்லிக் கொடுத்த முறை எந்த நாட்டு வாசலிலும் எந்த அளவிலும் மீண்டும் கோலமாகும். வெக்ரர் என்பது அந்தச் சொல்லிக் கொடுத்த முறை.

இந்தக் கோட்டுமுறையில் வழங்கும் வளைவின் பிறப்பிடம் நாம் வாழும் இதே பாரிசுதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மோட்டார் வாகனங்களின் உடல் வளைவை எண்களாக எழுதுவதற்கு வழி தேடிய இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமல் ஒரே விடையைக் கண்டனர். 1959 இல் சித்ரோன் நிறுவனத்தில் பணியாற்றிய போல் து கஸ்தெல்ஜோ முதலில் கண்டார். அந்நிறுவனம் அதனைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தது. றெனோ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் பியேர் பெசியே 1960களில் தாம் கண்டதை வெளியிட்டார். ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும். இரண்டு, தொடக்கமும் முடிவும். மற்றை இரண்டு, கோட்டைத் தம்பக்கம் இழுக்கும் கைப்பிடிகள். இன்று உலகெங்கும் எந்த வெக்ரர் மென்பொருளைத் திறந்தாலும் அக்கோட்டிற்குப் பெசியே வளைவு என்றே பெயர். முதலில் கண்டவரின் பெயரைப் பூட்டு மறைத்தது. வெளியிட்டவரின் பெயர் நிலைத்தது. திறந்து வைத்தது வாழும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லே வழங்குகின்றது. அதனால் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. காசு கேளாதது இலவசம். கைவிலங்கு இல்லாதது கட்டற்றது. 1983 இல் றிச்சாட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்கர் தொடக்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு உரிமைகளை வலியுறுத்துகின்றது. எந்தத் தேவைக்கும் மென்பொருளை இயக்கும் உரிமை. அது எவ்வாறு இயங்குகின்றது என்று படித்து மாற்றும் உரிமை. பிரதி எடுத்து அயலவருக்குக் கொடுக்கும் உரிமை. மாற்றி அமைத்ததையும் பிறருக்குக் கொடுக்கும் உரிமை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றால் காண்போம். அவ்வினிற்றி என்னும் வரைதல் மென்பொருளை 2024 இல் கன்வா நிறுவனம் வாங்கியது. 2025 ஒக்ரோபரில் அதனை விலையின்றி வழங்கத் தொடங்கியது. நல்ல மென்பொருள், திறமையான ஓவியர்கள் விரும்பிப் பயன்படுத்துவது. ஆனால் அதனைப் பயன்படுத்த அந்நிறுவனத்தில் கணக்குத் திறக்க வேண்டும். அதன் உட்கூறு வெளியிடப்படவில்லை. எவ்வளவு காலம், எந்த நிபந்தனையுடன் விலையின்றிக் கிடைக்கும் என்பதை முடிவு செய்பவர் உரிமையாளரேயன்றி நாம் அல்லோம். இது இலவசம், கட்டற்றது அன்று.

உரிமையாளர் மாறினால் என்ன நிகழும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1988 இல் வெளிவந்த பிறீஹான்ட் என்னும் வரைதல் மென்பொருளைப் பல்லாயிரம் ஓவியர்கள் நம்பியிருந்தனர். அதனை இறுதியாக வைத்திருந்த நிறுவனத்தை 2005 இல் அடோபி நிறுவனம் வாங்கியது. 2007 இல், இனி அதனை மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. பயன்படுத்தியவர்கள் எவ்வளவு விரும்பியும் அதனைத் தாமே எடுத்து வளர்க்க வழியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. சோடிபோடி என்னும் கட்டற்ற வரைதல் மென்பொருள் ஒன்றிருந்தது. அது செல்ல வேண்டிய திசை பற்றி அதனை உருவாக்கியோரிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. 2003 இல் நால்வர் பிரிந்து, அதே உட்கூறுகளை எடுத்துக்கொண்டு இங்க்ஸ்கேப் என்னும் புதிய பெயரில் தொடர்ந்தனர். பழையது நின்று போயிற்று. புதியது இன்றும் வளர்கின்றது. இங்க்ஸ்கேப்பில் சேமித்த கோப்பின் உள்வரிகளைப் பிரித்துப் பார்த்தால், சோடிபோடி என்னும் பழைய பெயர் இன்னமும் ஆங்காங்கே தென்படும். கடல் கடந்து வந்தும் பெயரின் முன்னே ஊர்ப்பெயரைச் சுமக்கும் எம்மவரை அது நினைவூட்டுகின்றது.

பாமினி தந்த பாடம்

இந்த நட்டம் எமது சமூகத்திற்குப் புதியதன்று. தொண்ணூறுகளில் வெளிவந்த எத்தனையோ தமிழ் ஏடுகளும் மலர்களும் நினைவஞ்சலிகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்தி வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் எமது தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். தந்தையின் நினைவு மலரைத் திறந்த மகள், இது என்ன மொழி என்று கேட்ட வீட்டை நாம் அறிவோம். உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோட்டில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், எமது புழக்கத்திற்கு அது வந்து சேர ஆண்டுகள் பல சென்றன. பொதுக் குறியீட்டில் எழுதியது எங்கும் திறக்கும். தனி ஏற்பாட்டில் எழுதியதற்கு மாற்றும் கருவி தேட வேண்டும். எழுத்தில் கற்ற இப்பாடத்தைப் படத்தில் மறக்கலாகாது.

படங்களுக்கும் அத்தகைய பொதுக் குறியீடு உண்டு. அதற்கு எஸ்.வி.ஜி. என்று பெயர். இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் அமைப்பு 2001 செப்டெம்பரில் அதனை ஏற்று வெளியிட்டது. எஸ்.வி.ஜி. கோப்பை வெறும் எழுத்துத் திருத்தும் செயலியில் திறந்தாலும், வட்டம், அதன் மையம், ஆரை, கோட்டின் நிறம் என்று வரிவரியாக வாசிக்கலாம். எந்த ஒரு நிறுவனமும் இல்லாமற் போனாலும் அந்தப் படத்தை மீட்டெடுக்க வழியிருக்கும்.

எதனைத் தெரிவு செய்வது?

கோட்டுப்படத்திற்கு எமது முதற்பரிந்துரை இங்க்ஸ்கேப். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தனது இயல்பான கோப்பாகவே எஸ்.வி.ஜி. முறையைக் கொண்டுள்ளது. 2020 மே மாதத்தில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். கொம்பும் அரவும் இடம்மாறித் தொங்குவதில்லை. பட்டியல்களைப் பிரெஞ்சு மொழியில் வைத்துக்கொள்ளலாமாதலால் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. ஆயின் தொலைபேசியிலோ ஐபாட்டிலோ இது இயங்குவதன்று, கணனி வேண்டும்.

பெயர் குறித்த உடலுறுப்புப் படம், நிலப்படம், அம்புக்குறியுடன் கூடிய விளக்கப்படம் ஆகியவை மட்டும் வேண்டிய ஆசிரியர்களுக்கு லிப்ரே ஒபிஸ் தொகுதியிலுள்ள ட்றோ போதும். கற்பது எளிது. தமிழ்ப் பட்டியல்களும் உண்டு. நுண்ணிய கோட்டு வேலைக்கு அது போதாது.

தூரிகையின் அழுத்தத்திற்கேற்பக் கோடு தடித்து மெலிய வேண்டும், மைத் தீற்றல் வேண்டும் என்னும் இளம் ஓவியர்களுக்குக் கிரிட்டா பொருந்தும். அதுவும் கட்டற்றது. ஆனால் அது அடிப்படையில் புள்ளிப்பட மென்பொருள் என்பதை மறக்கலாகாது. வெக்ரர் அடுக்கும் அதில் உண்டு. ஆயினும் அதன் பலம் ஓவியத்திலேயே.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரைகலையைத் தொழிலாகக் கற்கும் பிள்ளையிடம் வேலை தருவோர் அடோபி இல்லஸ்ரேற்றர் தெரியுமா என்று கேட்கக் கூடும். அப்பிள்ளை அதனையும் கற்கட்டும். பெசியே வளைவை ஒன்றில் கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று. வீட்டுச் சொத்தை எங்கே வைப்பது என்பதே எமது கேள்வி.

கையாளும் முறை

எமது அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலில் கடதாசியில் கறுப்புப் பேனாவால் கீறுங்கள். அதனை நிழற்படமெடுத்து இங்க்ஸ்கேப்பில் கொண்டுவரும்போது, படத்தைக் கோப்பினுள்ளே பதிப்பதா, வெளியிலிருந்து இணைப்பதா என்று கேட்கும். பதிப்பதையே தெரிவு செய்க. இணைத்த படம், கோப்பை வேறு கணனிக்கு மாற்றியதும் காணாமற் போகும்.

புள்ளிப்படத்தைத் தானாகவே கோடாக்கும் வசதி உண்டு. ஆனால் அது ஒரு கோட்டின் இரு ஓரங்களையும் தனித்தனியே சுற்றி வளைத்து, கோட்டை ஒரு மெல்லிய நிறைவடிவமாக்கி விடும். பின்னர் தடிப்பை மாற்ற முடியாது திண்டாடுவீர்கள். கோட்டின் நடுவே ஒற்றைக் கோடாகப் பிடிக்கும் தெரிவும் அதிலே உண்டு, அதனை நாடுக. அதைவிட மேலானது, கீறிய படத்தை மங்கலாக்கிக் கீழடுக்கில் வைத்துப் பூட்டி, மேலடுக்கில் பேனாக் கருவியால் கையாலேயே பின்பற்றிக் கீறுவது. நேரம் எடுக்கும், கோடு சுத்தமாக அமையும்.

குறைந்த புள்ளிகளால் கீறப் பழகுங்கள். ஒரு மாவிலைக்கு நுனியில் ஒன்று, காம்பில் ஒன்று என இரண்டு புள்ளிகள் போதும்; மிகுதியைக் கைப்பிடிகள் பார்த்துக்கொள்ளும். புள்ளி கூடினால் கோடு நடுங்கும். கோலம் கீறுவோர் ஓர் இதழை மட்டும் கீறி, சுழற்றிப் பிரதி செய்யும் வசதியைப் பயன்படுத்தினால் மற்றை இதழ்கள் தாமாகவே அமையும். முதல் இதழைத் திருத்தினால் அனைத்தும் திருந்தும்.

அச்சகத்திற்குக் கொடுக்கும்போது தமிழ் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பி.டி.எவ். பிரதியைக் கொடுங்கள். லாச்சப்பலில் உள்ள அச்சகமானாலும் வேறெங்குள்ள அச்சகமானாலும், அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துக் குழம்பும். ஆனால் கோடாக மாற்றிய எழுத்தைப் பின்னர் திருத்த முடியாது. ஆகவே மாற்றாத மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள். நான்கு மை கொண்ட வண்ண அச்சு வேலைக்கு ஸ்கிறைபஸ் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளில் பக்கத்தை அமைத்துக் கொடுப்பது நன்று. கறுப்புக் கோட்டுப்படத்திற்கு அந்தச் சிக்கல் இல்லை.

எந்த மென்பொருளை எவர் பரிந்துரைத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கணக்குத் திறவாமல், இணையத் தொடர்பின்றி இது இயங்குமா? கீறியதை எஸ்.வி.ஜி. கோப்பாக முழுமையாக வெளியே எடுக்கலாமா? அக்கோப்பை வேறொரு மென்பொருள் திறக்கின்றதா? இந்த மென்பொருளைப் பிரதி எடுத்து அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சட்டப்படி கொடுக்கலாமா? மூன்றாவது கேள்விக்கு விடையை எவரிடமும் கேட்க வேண்டாம். ஒரு வட்டமும் ஒரு தமிழ்ச் சொல்லும் கொண்ட சிறு படத்தைக் கீறி நீங்களே சோதித்துப் பாருங்கள். நாம் அந்தச் சோதனையை நூறு படங்களுக்கு முன்னர் செய்திருக்க வேண்டும்.

மீண்டும் கீறுகின்றோம்

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட இரவில், மாணவருக்காகக் கீறி வைத்திருந்த சித்திரக் கொப்பிகளைப் பாடசாலை அலுமாரியில் பூட்டிவிட்டு வந்தோம். சில நாள்களில் திரும்பலாம் என்பது நினைப்பு. திறப்பு நெடுங்காலம் எமது பையில் இருந்தது, அலுமாரி இருக்கவில்லை. இம்முறை படங்கள் இருக்கின்றன, திறப்புத்தான் எமதன்று. முன்னையது போர் செய்தது. பின்னையது எமது கவனக்குறைவு. முன்னையதைத் தடுக்கும் வலு எமக்கு இருக்கவில்லை. பின்னையதைத் தடுக்க முடியும்.

அச்சிட்ட பழைய புத்தகத்தை நிழற்படமெடுத்து, கீழடுக்கில் வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மூன்று படங்களாக மீண்டும் கீறி வருகின்றோம். மேல் வகுப்பு மாணவர் சிலர் உடனிருந்து கீறுகின்றனர். துலாவைக் கீறும்போது அது எப்படி ஏறி இறங்கும் என்று கேட்கின்றனர், சொல்கின்றோம். கீறியவற்றை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற்கும் ஒரு பிரதி கொண்டு செல்கின்றனர். ஓர் அலுமாரி போனாலும் மற்றையது இருக்கும்.

முதலிற் கீறி முடித்தது ஆட்டுக்கல். அதன் கீழே ஆட்டுக்கல் என்றே எழுதினோம். அந்த அம்மம்மாவிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "சரி மாஸ்ரர். ஆனால் குழவி கொஞ்சம் சின்னனாய்ப் போச்சு" என்றார்.

வீட்டிற்கு வந்து கோப்பைத் திறந்தோம். திறந்தது. குழவியைப் பெருப்பித்தோம்.